மறு விசாரணை: எது நியாயம், எது அநியாயம்?

(வடமாலபேட்டையில் நம் சங்க உறுப்பினர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்னை–திருப்பதி சாலையில் போகிற பலருக்கு வடமாலபேட்டை என்றால் டோல்கேட் மட்டும்தான் ஞாபகம் வரும். அந்த ஊரில் இத்தனை பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடியிருப்பது சந்தோஷமான விஷயம். 

போன கூட்டத்தில் ஒரு உறுப்பினர் ஒரு கேள்வி எழுப்பினார். "ஒரு கோர்ட்டில் விடுதலை, மேல் கோர்ட்டில் தண்டனை, அதற்கும் மேலே மறுபடி விடுதலை என்று பேப்பரில் படிக்கிறோம். ஒரே சாட்சி, ஒரே சட்டம். அப்படியானால் எது நியாயம்? ஒரு தடவை தீர்ப்பு சொன்ன பிறகு ஒருவனை மறுபடியும் கூண்டில் ஏற்றுவது அநியாயம் இல்லையா?" என்றார். நேரமில்லாததால் அன்று யாரும் பதில் சொல்லவில்லை. காரியதரிசி என்னைப் பேசச் சொல்லிவிட்டார்.

நான் வக்கீல் இல்லை. கெமிஸ்ட்ரி படித்த பி.எஸ்ஸி. பட்டதாரி. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். உத்தியோகத்தில் இலாகா விசாரணைகள் சிலவற்றை நடத்தும் பொறுப்பு எனக்குக் கொடுக்கப்பட்டது. அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் படிக்க வேண்டி வந்தது. படித்ததையும் பார்த்ததையும் உங்கள் முன் வைக்கிறேன்.

நாங்கள் காலேஜில் படித்தபோது ப்ராக்டிகல் வகுப்பில் டைட்ரேஷன் என்று ஒன்று உண்டு. பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கீழே இருக்கும் காரக் கரைசலின் ரோஜா நிறம் எந்தச் சொட்டில் மறைகிறதோ, அந்த அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுபடி செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால் ஆசிரியர் உடனே, "ஏன்?" என்பார். பியூரெட் முனையில் காற்றுக் குமிழி இருந்தது, குழாய் கசிந்தது என்று காரணம் சொன்னால் அனுமதிப்பார். "பக்கத்து மேஜைக்காரனுக்கு 19.8 வந்திருக்கிறது, எனக்கு 20.6 வருகிறது" என்று சொன்னால் அனுமதிக்க மாட்டார். செய்த முறையில் பிழை இருந்தால் திரும்பச் செய்யலாம், விடை பிடிக்கவில்லை என்பதற்காகத் திரும்பச் செய்யக் கூடாது என்பது அவர் விதி. மறு விசாரணை விஷயத்திலும் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டால் முக்கால்வாசி குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இது ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த தத்துவம் என்று நினைக்க வேண்டாம். யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் வ்யவஹார அத்யாயம் என்று ஒரு பகுதி இருக்கிறது. வழக்கு, சாட்சி, கடன், பாகம் எல்லாம் அதில் வருகின்றன. இதற்கு விஞ்ஞானேச்வரர் எழுதிய மிதாக்ஷரா என்ற வியாக்கியானம்தான் பிற்காலத்தில் ஹிந்து சொத்துரிமைச் சட்டத்துக்கு ஆதாரமாக இருந்தது. அந்த அத்யாயம் முடிகிற இடத்தில் அடுத்தடுத்து இரண்டு விதிகள் இருக்கின்றன.

முதல் விதி: தவறாகப் பார்க்கப்பட்ட வழக்கை அரசன் மறுபடி பார்க்க வேண்டும். தவறு என்று தெரிந்தால் தீர்ப்புச் சொன்ன சபையோருக்கும், அதனால் ஜயித்தவனுக்கும் இரு மடங்கு அபராதம் விதிக்க வேண்டும். இரண்டாவது விதி: நியாயப்படி தோற்றவன் "நான் தோற்கவில்லை" என்று சாதித்துக்கொண்டு மறுபடி வந்தால், அவனை மறுபடி தோற்கடித்து அவனிடமும் இரு மடங்கு வசூலிக்க வேண்டும்.

முதல் விதியை மட்டும் வைத்திருந்தால் எந்த வழக்கும் முடியாது. இரண்டாவதை மட்டும் வைத்திருந்தால் எந்தத் தவறும் திருந்தாது. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். தவறாகத் தீர்ப்புச் சொன்ன நீதிபதிக்கே அபராதம் என்பதை இன்றைய சட்டம்கூடச் சொல்லத் துணியவில்லை!

இனி நடந்த வழக்குக்கு வருகிறேன். இங்கே இருக்கும் பெரியவர்கள் பலர் தங்கள் அப்பா, அம்மா பேசிக் கேட்டிருப்பார்கள். 1944–47 லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கு. அன்று நம் சித்தூர் ஜில்லா சென்னை ராஜதானியில் இருந்தது. மதராஸ் ஹைகோர்ட்தான் நமக்கும் ஹைகோர்ட். ஆகவே இது நம் கோர்ட்டில் நடந்த வழக்கு என்றே சொல்லலாம்.

சி.என்.லக்ஷ்மிகாந்தன் "சினிமா தூது", பிறகு "இந்து நேசன்" என்ற பத்திரிகைகளை நடத்தியவர். சினிமாக்காரர்கள், பெரிய மனிதர்கள் இவர்களின் அந்தரங்கத்தை அச்சில் போடுவது அவர் தொழில். 1944 நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரி பகுதியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கொலைச் சதியில் பங்கு உண்டு என்று எம்.கே.தியாகராஜ பாகவதரும், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும், கோயம்புத்தூர் பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும், இன்னும் சிலரும் கைதானார்கள்.

பாகவதர் அன்று எப்படிப்பட்ட நிலையில் இருந்தார் என்பதை இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். 1944 தீபாவளிக்கு வெளிவந்த "ஹரிதாஸ்" சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதாவது படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்க, அதில் பாடிய மனிதர் ஜெயிலில் இருந்தார்.

வழக்கு ஹைகோர்ட்டின் செஷன்ஸில், நீதிபதி மோக்கெட் முன்னிலையில், ஒன்பது பேர் கொண்ட ஜூரியுடன் நடந்தது. குற்றவாளிகளில் ஒருவராக இருந்து அரசுத் தரப்புக்கு மாறிய அப்ரூவரின் சாட்சியம் அதில் முக்கிய இடம் பெற்றது. 1945 மே 3ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதரையும் கிருஷ்ணனையும் ஜூரி குற்றவாளிகள் என்றது. அதுவும் ஒருமனதாக அல்ல, பெரும்பான்மையாக. தண்டனை ஆயுள் முழுவதும் தீவாந்திரம்.

அந்தக் காலத்தில் ஹைகோர்ட்டே நேராக நடத்திய செஷன்ஸ் வழக்கில் ஜூரி சொன்னால் சொன்னதுதான். சாட்சியத்தை நம்பியது சரியா என்று அப்பீல் செய்ய வெகு நாள் வழியே இல்லை. 1943ல்தான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 411-ஏ என்ற பிரிவைச் சேர்த்து அந்த உரிமையைக் கொடுத்தார்கள். ஆகவே இவர்களுக்கு அப்பீல் கிடைத்தது. தலைமை நீதிபதி லீச் அவர்களும் நீதிபதி லக்ஷ்மண ராவ் அவர்களும் விசாரித்து 1945 அக்டோபரில் அதைத் தள்ளிவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது லண்டன் பிரிவி கவுன்சில் ஒன்றுதான். அங்கே டி.என்.பிரிட் என்ற புகழ்பெற்ற பாரிஸ்டர் இவர்களுக்காக வாதாடினார். பிரிவி கவுன்சில் என்ன செய்தது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். "இவர்கள் நிரபராதிகள்" என்று அது சொல்லவில்லை. "குற்றவாளிகள்" என்றும் சொல்லவில்லை. அப்பீலை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று மதராஸ் ஹைகோர்ட்டுக்கே திருப்பி அனுப்பியது. புதிய ஜூரி கிடையாது, சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்றவில்லை. ஏற்கெனவே பதிவான அதே காகிதங்களை வேறு இரண்டு நீதிபதிகள் புதிதாகப் படித்தார்கள். ஹாப்பல், ஷஹாபுதீன் என்ற அந்த இரு நீதிபதிகள் முன் வாதாடியவர் வி.எல்.எத்திராஜ். எத்திராஜ் காலேஜ் என்று இன்றும் சென்னையில் பெயர் சொல்கிறார்களே, அவரேதான். 1947 ஏப்ரல் 25ஆம் தேதி இருவரும் விடுதலையானார்கள்.

உடந்தையாக இருந்தவனின் சாட்சியத்தை வேறு ஆதாரம் இல்லாமல் நம்பக் கூடாது என்பது 1872 சாட்சியச் சட்டம் 114ஆம் பிரிவின் உதாரணத்திலேயே இருந்த எச்சரிக்கை. சட்டம் அதேதான், சாட்சியமும் அதேதான். அலசிப் பார்த்த கண் மட்டும் வேறு. முதல் அப்பீலோடு கதவு மூடியிருந்தால் இருவரும் ஜெயிலிலேயே இருந்திருப்பார்கள்.

ஆனால் இந்த நியாயம் கிடைக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. லண்டன் வரை வக்கீல் வைக்க வசதி இருந்ததால்தான் அதுவும் கிடைத்தது. பாகவதர் நடிக்க இருந்த "உதயணன்" படத்தில் ஜி.என்.பாலசுப்ரமணியம் நடித்தார். வெளியே வந்த பிறகு கலைவாணர் மறுபடி எழுந்தார், "நல்லதம்பி", "மணமகள்" என்று படங்கள் கொடுத்தார். பாகவதரால் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. 1948ல் வந்த "ராஜமுக்தி" ஓடவில்லை. 1959ல் ஐம்பது வயது முடிவதற்குள் காலமாகிவிட்டார். கோர்ட் அவருக்கு விடுதலையைத் திருப்பிக் கொடுத்தது. இழந்த காலத்தைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். விடுதலையானவனுக்கு மேல் கோர்ட் தண்டனை கொடுப்பது சரியா? 1959ல் பம்பாயில் கடற்படை அதிகாரி கமாண்டர் நானாவதி, தன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்த ப்ரேம் அஹுஜாவைச் சுட்டுக் கொன்றார். ஊர் முழுவதும் நானாவதி பக்கம். ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் "குற்றவாளி அல்ல" என்றார்கள். செஷன்ஸ் நீதிபதி இந்தத் தீர்ப்பை ஏற்காமல் வழக்கை ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். 1960ல் ஹைகோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. 1961 நவம்பர் 24ல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் கே.சுப்பா ராவ். ஆந்திர ஹைகோர்ட்டின் முதல் தலைமை நீதிபதி, நம் திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர்.

எட்டுப் பேர் சொன்னதை மேல் கோர்ட் தள்ளிவிட்டதே, இது விடை பிடிக்காததால் திரும்பச் செய்தது அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஜூரிகளுக்குச் சட்டத்தை எடுத்துச் சொல்வது நீதிபதியின் கடமை. அப்படி எடுத்துச் சொன்னதிலேயே கடுமையான பிழைகள் இருந்தன என்று மேல் கோர்ட் கண்டது. அதாவது, முறையில் பிழை. அதற்கு மேல், அந்தச் சாட்சியத்தை வைத்துக்கொண்டு நியாயமான எந்த ஜூரியும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது என்றும் கண்டது. ஊர் அனுதாபம் சாட்சியம் ஆகாது.

நம் அரசியல் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 20ஆம் ஷரத்து, இரண்டாவது உட்பிரிவு: ஒரே குற்றத்துக்காக ஒருவரை ஒரு தடவைக்கு மேல் வழக்குத் தொடர்ந்து தண்டிக்கக் கூடாது. விடுதலையானவருக்கான பாதுகாப்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. 1973 சட்டத்தில் அது 300ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 337ஆம் பிரிவு. ஆனால் அப்பீல் என்பது புது வழக்கு அல்ல, பழைய வழக்கின் தொடர்ச்சி என்பது நம் சட்டத்தின் கொள்கை. ஆகவே விடுதலையை எதிர்த்து அரசாங்கம் அப்பீல் செய்யலாம். அமெரிக்காவில் ஜூரி விடுதலை செய்துவிட்டால் அரசாங்கம் அப்பீல் செய்ய முடியாது. நம் பிள்ளைகள் பலர் அங்கே இருப்பதால் இந்த வித்தியாசத்தைச் சொல்லி வைக்கிறேன்.

இங்கிலாந்தில் எண்ணூறு வருஷமாக, ஒரு தடவை விடுதலையானவனை மறுபடி தொடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார்கள். 1989ல் அங்கே ஒரு இளம்பெண் கொலையானாள். குற்றம் சாட்டப்பட்டவன் விஷயத்தில் இரண்டு ஜூரிகளும் முடிவுக்கு வர முடியாததால் 1991ல் விடுதலையானான். சில வருஷம் கழித்து "நான்தான் கொன்றேன்" என்று அவனே ஒப்புக்கொண்டான். சட்டப்படி அவனைப் பொய் சாட்சிக்காகத்தான் தண்டிக்க முடிந்தது, கொலைக்காக முடியவில்லை. அந்தப் பெண்ணின் தாயார் விடாமல் போராடினார். 2003ல் சட்டத்தை மாற்றினார்கள், 2006ல் அவன் கொலைக்குத் தண்டனை பெற்றான். மாற்றும்போது என்ன நிபந்தனை போட்டார்கள் தெரியுமா? மிகக் கடுமையான குற்றமாக இருக்க வேண்டும், புதிதாக வலுவான சாட்சியம் இருக்க வேண்டும், அப்பீல் கோர்ட் அனுமதிக்க வேண்டும், ஒரே ஒரு முறைதான் கேட்கலாம். கதவைத் திறந்தார்கள், ஆனால் சங்கிலி போட்டுத் திறந்தார்கள்.

புதிய சாட்சியம் என்றதும் சுந்தரமூர்த்தி நாயனார் கதை ஞாபகம் வருகிறது. புத்தூரில் (நம் பக்கத்துப் புத்தூர் அல்ல, அது திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம்) கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை" என்று ஓலையை நீட்டினார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தார். ஓலை போயிற்று, வழக்கும் போயிற்று என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். கிழவரோ, "கிழித்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது" என்று வெண்ணெய்நல்லூர் சபைக்கு அழைத்துப் போனார். சபையார் பாட்டனாரின் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒத்துப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். வாதி சாட்சாத் பரமேச்வரனாகவே இருந்தாலும் ஆதாரத்தைச் சரிபார்க்காமல் தீர்ப்பு இல்லை.

முதலிலிருந்து முழுவதும் மறு விசாரணை நடந்த வழக்கும் நம் நாட்டில் உண்டு. 2002 மார்ச் 1ஆம் தேதி குஜராத் கலவரத்தில் வதோதராவில் பெஸ்ட் பேக்கரி என்ற இடத்தில் 14 பேர் கொல்லப்பட்டார்கள். 2003 ஜூனில் விரைவு நீதிமன்றம் 21 பேரையும் விடுதலை செய்தது. சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்திருந்தார்கள். முக்கிய சாட்சியான பெண், பயத்தால் பொய் சொன்னேன் என்று வெளியே வந்து சொன்னார். 2004 ஏப்ரல் 12ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் துரைசாமி ராஜுவும் அரிஜித் பசாயத்தும் வழக்கை மகாராஷ்டிரத்துக்கு மாற்றி, புதிதாக விசாரிக்கச் சொன்னார்கள்.

இதில் எந்தக் கட்சி, எந்த மதம் என்று பார்க்காமல், சாட்சி பயமில்லாமல் பேச முடிந்ததா என்று மட்டும் பாருங்கள். பேச முடியவில்லை என்றால் நடந்தது விசாரணையே அல்ல. பியூரெட் கசிந்த மாதிரி. மும்பையில் நடந்த இரண்டாவது விசாரணையிலும் கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் தண்டிக்கவில்லை. 2006 பிப்ரவரியில் 9 பேருக்கு ஆயுள் தண்டனை, 8 பேர் விடுதலை. 2012ல் பம்பாய் ஹைகோர்ட் அந்த ஒன்பதில் 5 பேரை விடுவித்து, 4 பேரின் தண்டனையை உறுதி செய்தது. மாற்றி மாற்றிப் பேசிய அந்த முக்கிய சாட்சிக்கும் சுப்ரீம் கோர்ட் ஒரு வருஷ ஜெயில் கொடுத்தது. மறு விசாரணை என்பது தண்டிப்பதற்காக என்று முன்கூட்டியே முடிவு கட்டி நடத்துவது அல்ல என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இனி எனக்கு நேரில் தெரிந்த உலகத்துக்கு வருகிறேன். கொலை வழக்கு நம்மில் யாருக்கும் வரப்போவதில்லை. ஆனால் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இலாகா விசாரணை தெரியும். 20ஆம் ஷரத்தின் பாதுகாப்பு இங்கே கிடையாது. எஸ்.ஏ.வெங்கடராமன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் வழக்கில் 1954லேயே சுப்ரீம் கோர்ட், இலாகா விசாரணை வேறு, கிரிமினல் வழக்கு வேறு, ஒன்று முடிந்தாலும் மற்றது வரலாம் என்று சொல்லிவிட்டது. அது புரிகிறது. ஆனால் அதே குற்றச்சாட்டுக்கு இலாகாவே மறுபடி மறுபடி விசாரணை வைத்தால்?

நான் ஓய்வு பெறச் சில வருஷங்கள் இருந்தபோது ஒரு ஃபைல் என் மேஜைக்கு வந்தது. எந்த இலாகா, எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. ஒரு குமாஸ்தா மீது ரசீதுப் புத்தகம் காணாமல் போனதாகக் குற்றச்சாட்டு. முதல் விசாரணை அதிகாரி சாட்சிகளை விசாரித்து, நிரூபணம் ஆகவில்லை என்று எழுதினார். ஃபைலில் "அறிக்கை திருப்திகரமாக இல்லை" என்று ஒரே வரி. காரணம் எதுவும் இல்லை. இரண்டாவது அதிகாரி வந்தார். அவரும் அதே முடிவுக்கு வந்தார். மறுபடி அதே வரி. மூன்றாவதாக என்னை நியமித்திருந்தார்கள். அதற்குள் அந்த மனிதர் ஓய்வு பெற்றுவிட்டார். ப்ரொவிஷனல் பென்ஷன் மட்டும் வந்துகொண்டிருந்தது, கிராஜுவிட்டி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தாள். முதல் நாள் விசாரணையில் அவர் கையைக் கூப்பிக்கொண்டு, "சார், எனக்குத் தண்டனையே கொடுத்திருந்தால் இந்நேரம் அது முடிந்திருக்கும்" என்றார். வாதமாக அவர் வேறு எதுவும் சொல்லவில்லை.

அப்போது எனக்குக் கை கொடுத்தது 1971ல் சுப்ரீம் கோர்ட் தீர்த்த கே.ஆர்.தேப் வழக்கு. ஷில்லாங்கில் மத்திய கலால் இலாகாவில் சப்-இன்ஸ்பெக்டர். அவர் மேல் ஒரு விசாரணை மாற்றி ஒரு விசாரணை. அறிக்கை சாதகமாக வந்ததும் வேறு அதிகாரியைப் போட்டார்கள். சுப்ரீம் கோர்ட் சொன்னதன் சாரம் இது: விதிகள் ஒரு விசாரணையைத்தான் அனுமதிக்கின்றன. அதில் பெரிய குறை இருந்தாலோ, முக்கிய சாட்சி வர முடியாமல் போயிருந்தாலோ, மேற்கொண்டு சாட்சியம் பதிவு செய்யச் சொல்லலாம். அறிக்கை பிடிக்கவில்லை என்பதற்காக அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க இடமில்லை. அதிகாரிக்கு அறிக்கையோடு உடன்பாடு இல்லை என்றால், அதே சாட்சியத்தை வைத்துக் காரணம் எழுதித் தாமே முடிவு செய்யலாம். பொறுப்பை ஏற்காமல், தனக்கு வேண்டியதை எழுதித் தரும் விசாரணை அதிகாரியைத் தேடக் கூடாது.

இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டி, முதல் விசாரணையில் என்ன குறை என்று எழுத்து மூலம் தெரிவிக்கும்படி மேலே எழுதினேன். குறை எதுவும் யாராலும் காட்ட முடியவில்லை. ஃபைல் மூடப்பட்டது. அவருக்குச் சேர வேண்டிய பணம் சேர்ந்தது. வட்டி கிடைக்கவில்லை.

இதிலிருந்து நான் கற்றது, விசாரணையே ஒரு தண்டனையாக முடியும் என்பது. கடைசியில் விடுதலை என்றாலும், நடுவில் போன வருஷங்கள் யார் கணக்கில்? நம் மாநிலத்திலேயே 2007 டிசம்பரில் விஜயவாடா அருகே ஹாஸ்டலில் ஒரு மாணவி கொலை செய்யப்பட்ட வழக்கை எல்லோரும் அறிவோம். ஒரு இளைஞனைப் பிடித்தார்கள், 2010ல் தண்டித்தார்கள். 2017 மார்ச் 31ல் ஹைகோர்ட் அவனை நிரபராதி என்று விட்டது, ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. 2018ல் சி.பி.ஐ. புதிதாகப் புலனாய்வு செய்ய உத்தரவாயிற்று. முதல் தடவை சரியாகச் செய்யாததால் அந்த இளைஞனின் வாழ்க்கையும் போயிற்று, பெண்ணைப் பெற்றவர்களுக்கும் பதில் கிடைக்கவில்லை. அநியாயம் என்பது எப்போதும் ஒரு பக்கத்துக்கு மட்டும் நடப்பதில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது, மறு விசாரணைக்கு ஆளே இல்லாமல் செய்துவிடும் தண்டனை. சிலப்பதிகாரம் நமக்கு அதைத்தானே காட்டுகிறது! பாண்டியன் ஒரு பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு, விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொல்லிவிட்டான். பிறகு கண்ணகி சபைக்கு வந்து கேட்டது மறு விசாரணை. அதில் முறைப்படி எல்லாம் நடந்தது. ராணியின் சிலம்பில் முத்து, என் சிலம்பில் மாணிக்கம் என்று இரு தரப்பும் சொன்னது பதிவாயிற்று. சிலம்பை உடைத்ததும் மாணிக்கம் தெறித்தது. அரசன் தன் தவறை அங்கேயே ஒப்புக்கொண்டு உயிரை விட்டான். இத்தனை நேர்மையான மறு விசாரணை எந்தக் கோர்ட்டிலும் நடந்திருக்காது. ஆனால் கோவலன் திரும்பி வரவில்லை. மரண தண்டனை வழக்குகளில் சீராய்வு மனுவை நீதிபதிகள் தங்கள் அறையில் காகிதத்தில் மட்டும் பார்த்து முடிக்காமல், திறந்த கோர்ட்டில் வக்கீல் வாதத்தைக் கேட்க வேண்டும் என்று 2014 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இந்தக் காரணத்தால்தான். அரை மணி நேர வாதம்தான். ஆனாலும் ஒரு உயிர் விஷயத்தில் அரை மணி பெரிது.

நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். கோர்ட்டும் இலாகாவும் மட்டும்தானா விசாரணை நடத்துகின்றன? பாகப்பிரிவினை முடிந்து முப்பது வருஷம் ஆன பிறகும் "அன்றைக்கு மாமா எனக்கு அநியாயம் செய்துவிட்டார்" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் எடுக்கிறோம். மாட்டுப்பெண் என்றைக்கோ சொன்ன ஒரு வார்த்தைக்குப் பல தடவை விசாரணை வைக்கிறோம். இன்னொரு பக்கம், குடும்பத்தில் ஒருவர் மேல் அவசரத்தில் சுமத்திய பழியை, பிறகு உண்மை தெரிந்தும், "முடிந்து போன கதை, விடு" என்று மூடிவிடுகிறோம். முதலாவது யாக்ஞவல்கியர் இரு மடங்கு அபராதம் போட்ட விஷயம். இரண்டாவது, சபையோருக்கே அபராதம் போட்ட விஷயம். நாம் பெரும்பாலும் திறக்கக் கூடாததைத் திறந்து, திறக்க வேண்டியதை மூடி வைக்கிறோம்.

அந்த உறுப்பினர் கேட்ட கேள்விக்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மேல் கோர்ட் வேறு தீர்ப்பு சொல்வதே அநியாயம் ஆகாது. மனிதர்கள் நடத்தும் விசாரணையில் பிழை வரும், அதைத் திருத்த ஒரு வழி இருக்கத்தான் வேண்டும். ஆனால் மறுபடி விசாரிக்க வேண்டும் என்று சொல்பவர் மூன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் விசாரணையில் என்ன குறை, அல்லது புதிதாக என்ன ஆதாரம்? இது எத்தனையாவது தடவை, எப்போது முடியும்? இதனால் காத்திருப்பவருக்கு ஆகும் நஷ்டத்தை யார் ஈடு செய்வது? முதல் இரண்டுக்கும் நம் சட்டம் ஓரளவு பதில் வைத்திருக்கிறது. மூன்றாவதற்கு இன்னும் சரியான பதில் இல்லை. தவறாக ஜெயிலில் இருந்தவருக்கு உரிமையாக நஷ்ட ஈடு கொடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்டக் கமிஷன் 2018ல் தன் 277ஆவது அறிக்கையில் சிபாரிசு செய்தது. நம் சங்கத்தில் வக்கீல்களும் ஓய்வு பெற்ற நீதித்துறை அலுவலர்களும் இருக்கிறீர்கள். இதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும், பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. இதற்கு மேல் பேசினால் எனக்கே மறு விசாரணை வைத்துவிடுவீர்கள்.